கை மாறும் குழந்தை

சீனாவின் மாகாணத் தலைநகர் ஒன்றில், குடிமை விவகார அலுவலகத்தின் மாடி அறை. சுவரோரச் சோபாக்களில் நாலைந்து அமெரிக்கத் தம்பதிகள் காத்திருக்கிறார்கள். நீண்ட விமானப் பயணத்தின் தூக்கக் கலக்கம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு பை: பால் பவுடர், டயப்பர், பிஸ்கட், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள். கதவு திறக்கிறது. காப்பகத்து ஆயாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. ஒரு தம்பதி எழுந்து போகிறார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, ஆயாவின் தோளிலிருந்து புதிய அம்மாவின் தோளுக்கு மாறுகிறது. அடுத்த நொடி அறை அதிரும்படி ஓர் அலறல்.

அப்பா நடுங்கும் கையோடு படம் எடுக்கிறார். அம்மாவும் அழுகிறாள், அவளுக்கு அது ஆனந்தக் கண்ணீர். வீட்டாய்வு, காவல்துறைச் சான்று, கைரேகை, மொழிபெயர்ப்பு, முத்திரை என்று ஆண்டுக்கணக்கில் காகிதங்களோடு போராடி அந்த அறைக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. தூக்கிப் பழகிய கை, மோந்து பழகிய வாசனை, காதில் விழுந்த பேச்சு, படுத்த தொட்டில், குடித்த பால் எல்லாம் ஒரே பிற்பகலில் போய்விட்டன. என்ன நடந்தது என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்கவும் ஆளில்லை.

இந்தக் காட்சி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்தது. 1992-இல் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 1,60,000-க்கும் அதிகமான குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 82,000 பேர் அமெரிக்காவுக்கு. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை’ என்ற அரசுக் கொள்கையின் நெருக்கடியில் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளே தொடக்கத்தில் அதிகம். பிற்காலத்தில் உதட்டுப் பிளவு, இதயக் கோளாறு போன்ற மருத்துவத் தேவை உள்ள குழந்தைகள் கூடினார்கள். 2024 செப்டம்பரில் சீனா இந்தக் கதவை மூடியது. அதற்குள், முன்பின் தெரியாத குழந்தையும் பெற்றோரும் ஓர் ஓட்டல் அறையில் எப்படி ஒருவருக்கொருவர் சொந்தமாகத் தொடங்குகிறார்கள் என்பது பற்றிப் பெற்றோர்களும் மருத்துவர்களும் ஏராளமாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்றைக்கும் வெளிநாட்டுப் பெற்றோர் வந்து குழந்தையை அழைத்துப் போகும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகவே அந்தப் பாடம் நமக்கும் தேவைப்படுகிறது.

அழும் குழந்தை, அழாத குழந்தை

முதல் நாள் குழந்தை விடாமல் அழுதால் பெற்றோர் பதறிப்போகிறார்கள். “நம்மைப் பிடிக்கவில்லையோ” என்று மனசு உடைந்துபோகும். அனுபவப்பட்ட மருத்துவர்களும் ஆலோசகர்களும் சொல்வது இதற்கு நேர்மாறு. அழுகிற குழந்தை யாரையோ தேடுகிறது. தேடுவதற்கு ஆள் இருந்திருக்கிறார் என்றால், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்ள அதற்குத் தெரியும் என்று பொருள். அந்தத் திறமையை அது புதிய வீட்டுக்கும் கொண்டுவரும்.

கவனிக்க வேண்டியது அழாத குழந்தையை. சில குழந்தைகள் கை மாறியதும் அப்படியே உறைந்துபோகும். எங்கோ வெறித்த பார்வை, கொடுத்தால் சாப்பிடும், கொடுக்காவிட்டால் கேட்காது, மணிக்கணக்கில் தூங்கும். “எவ்வளவு சமத்து!” என்று பக்கத்து அறைக்காரர்கள் பாராட்டுவார்கள். உண்மையில், தாங்க முடியாத அதிர்ச்சிக்கு முன்னால் உடம்பு தன்னைத்தானே மூடிக்கொண்டிருக்கிறது. நாலைந்து நாள் கழித்து, பெரும்பாலும் பெற்றோர் சற்று நிம்மதியடைந்த நேரத்தில், அடக்கி வைத்த அழுகை உடைத்துக்கொண்டு வரும்.

இன்னொரு வகையும் உண்டு. ஓட்டல் வரவேற்பறைப் பெண், லிப்டில் வந்தவர், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் என்று யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தாவிவிடும் குழந்தை. “யார்கிட்டயும் போகும், வேத்துமுகமே கிடையாது” என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். காப்பகத்தில் வளர்ந்த குழந்தையிடம் இதே குணம் எச்சரிக்கை மணியாக இருக்கலாம். ஒருவரை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளப் பழகாத குழந்தைக்கு எல்லோரும் ஒன்றுதான்.

வெறும் ஊகம் இல்லை இது. 1950-களில் உகாண்டாவில் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் கூர்ந்து கவனித்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த், குழந்தை தன் தாயை ஒரு பாதுகாப்பான முகாமாக வைத்துக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கப் புறப்படுகிறது என்று கண்டார். தவழ்ந்து போகும், திரும்பிப் பார்க்கும், பயந்தால் ஓடி வரும். இங்கிலாந்தின் ஜான் பௌல்பி கட்டியெழுப்பிய பிணைப்புக் கோட்பாட்டுக்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம். திரும்பிப் பார்க்க ஆளில்லாமல் வளர்ந்த குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்பதை உலகம் ருமேனியாவில் பார்த்தது. 1989 டிசம்பரில் அந்நாட்டுச் சர்வாதிகாரி செளசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே காப்பகங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டனுக்குத் தத்துப் போனார்கள். மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தலைமையில் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது ஒரு குழு. ஆறு மாத வயதுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளுக்கு ஈடாக வளர்ந்தார்கள். அதற்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களில் கணிசமானோருக்குச் சிக்கல்கள் நீடித்தன. அந்நியரிடம் வரம்பில்லாமல் ஒட்டிக்கொள்வது அவற்றில் முக்கியமானது.

2000-களின் தொடக்கத்தில் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் காப்பகக் குழந்தைகள் 136 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அவர்களிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ஒரு பெரியவரின் முகமும் குரலும் தினமும் திரும்பத் திரும்பக் கிடைப்பது மூளை வளர்ச்சிக்கே வேண்டியிருக்கிறது. ஓட்டல் அறையில் திகைத்து நிற்கும் பெற்றோருக்கு இதில் நம்பிக்கையும் இருக்கிறது: தாமதமாகக் கிடைத்த குடும்பமும் குழந்தையைத் தேற்றுகிறது.

பால் புட்டியின் துளை

பிணைப்பு என்றதும் பெரிய பெரிய உணர்ச்சிகள் நினைவுக்கு வரும். அந்த முதல் நாட்களில் அது நடப்பதோ பால் புட்டி, குளியல், தூக்கம் என்ற மூன்று இடங்களில்.

சீனக் காப்பகங்கள் பலவற்றில் ஒரே ஆயா பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பால் கொடுக்க நேரம் ஏது? புட்டியைத் துணியில் சாய்த்து வைத்துவிடுவார்கள். பால் சீக்கிரம் இறங்கட்டும் என்று ரப்பர் காம்பின் துளையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பாலும் நல்ல சூடாக இருக்கும்; சில இடங்களில் அரிசிமாவும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அமெரிக்க அம்மா புத்தம் புதுப் புட்டியில், சிறிய துளையுள்ள காம்போடு, வெதுவெதுப்பான பாலை நீட்டுகிறாள். குழந்தை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிவிடுகிறது. அம்மாவுக்குத் தன்னையே தட்டிவிட்டது போல இருக்கிறது. விஷயம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் ஊசியைச் சுடவைத்துத் துளையைப் பெரிதாக்கித் தருகிறார், பாலை இன்னும் கொஞ்சம் சூடாக்கச் சொல்கிறார். புட்டி காலியாகிறது.

பிறகுதான் அடுத்த பாடம். குழந்தை புட்டியைத் தானே பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கும். அப்படித்தான் அதற்குப் பழக்கம். ஆலோசகர்கள் பெற்றோருக்குச் சொல்வது: மடியில் வைத்துக்கொள்ளுங்கள், புட்டியை நீங்கள் பிடியுங்கள், உங்கள் முகம் அதன் பார்வைக்குள் இருக்கட்டும். பார்க்கும்படி வற்புறுத்த வேண்டாம். ஒரு நொடி பார்த்துவிட்டு விலகும். மறுவேளை இரண்டு நொடி. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடப் புட்டிப் பால் கொடுத்த குடும்பங்கள் உண்டு. இழந்துபோன மடிக் காலத்தைக் கொஞ்சமாவது அது மீட்டுத் தரும் என்பதே காரணம்.

பசி அறிந்து வளர்ந்த குழந்தைகள் சாப்பாட்டில் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். வாந்தி வரும் வரை சாப்பிடுவார்கள். இரண்டு கையிலும் ரொட்டித் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள். தலையணைக்கு அடியில் பிஸ்கட் இருக்கும். பிடுங்கக் கூடாது, கண்டிக்கவும் கூடாது. எட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் வைத்திருப்பதே மருந்து. கிண்ணம் காலியாகாது என்று தெரிந்த பிறகு அந்தக் கை தானே தளரும். காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் கிடைக்கும் அரிசிக் கஞ்சியும் ஆவியில் வேகவைத்த முட்டையும் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அறிமுகமான ருசி ஒன்றாவது மிச்சமிருக்கிறது என்பது குழந்தைக்குப் பெரிய ஆறுதல்.

குளியல் தொட்டியைக் கண்டு அலறும் குழந்தைகள் உண்டு; அவ்வளவு தண்ணீரை அவை பார்த்ததேயில்லை. முதல் சில நாட்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அழுக்காகத் தெரிந்தாலும், காப்பகத்திலிருந்து போட்டு வந்த சட்டையை உடனே துவைக்க வேண்டாம் என்று சொல்வார்கள். பழைய இடத்தின் வாசனை அதில்தான் இருக்கிறது. முன்யோசனையுள்ள பெற்றோர் சில வாரம் முன்பே தாங்கள் மேலே போட்டுத் தூங்கிய சின்னப் போர்வை ஒன்றையும், தங்கள் முகங்கள் உள்ள படப் புத்தகத்தையும் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கூடவே ஒருமுறை பயன்படுத்தும் கேமரா ஒன்றும் போகும். தொட்டில், விளையாடும் இடம், பார்த்துக்கொண்ட ஆயா என்று காப்பகத்தார் படம் எடுத்துத் திருப்பித் தருவார்கள். பிறகு வளர்ந்து பெரியவளாகும் பெண்ணுக்குத் தன் முதல் வருடத்தைப் பற்றி மிஞ்சியிருப்பது பல சமயம் அந்தப் படங்கள் மட்டும்தான்.

அந்தப் பிளாஸ்டிக் கிண்ணங்களையும் சொல்ல வேண்டும். பெட்டியில் இடம் அடைக்காது, விலையும் குறைவு என்பதால் சீனா போன குடும்பங்கள் பல அவற்றை எடுத்துப் போயின. அம்மா தரையில் உட்கார்ந்து நாலு கிண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள். மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தை ஓரக்கண்ணால் பார்க்கிறது. அம்மா அதைக் கூப்பிடவில்லை. தானே தட்டிவிடுகிறாள், மறுபடி அடுக்குகிறாள். ஐந்தாவது முறை ஒரு சின்னக் கை நீண்டு வந்து கோபுரத்தைச் சாய்க்கிறது. அம்மா சிரிக்கிறாள், அடுக்குகிறாள். குழந்தை சாய்க்கிறது. அரைமணி நேரம் இதே ஆட்டம். தான் ஒன்று செய்தால் எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் செய்கிறார் என்பதை அது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாமூச்சிக்கும் இதே வேலைதான்: மறைந்த முகம் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வருகிறது.

அப்பாவைக் கண்டால் அலறல்

பெரும்பாலான தம்பதிகள் எதிர்பார்க்காத ஒன்று, குழந்தை இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பது. காப்பகத்தில் சுற்றிலும் பெண்கள்தான். தாடியும் கனத்த குரலுமாக ஓர் ஆள் பக்கத்தில் வந்தால் குழந்தை கத்திக் கூப்பாடு போடும். சில குழந்தைகள் இதற்கு மாறாக அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை உதைக்கும். தன்னை விட்டுப்போன ஆயாவின் இடத்தில் இன்னொரு பெண்ணை வைக்க அதற்கு இன்னும் மனம் வரவில்லை.

ஒதுக்கப்பட்டவருக்கு வலிக்கும். அதை வெளிக்காட்டாமல் ஒதுங்கிப்போனால் விரிசல் பெரிதாகும். பலவந்தமாகத் தூக்கினால் பயம் பெரிதாகும். குழந்தை விரும்புகிறவர் மருந்து கொடுப்பது, மூக்குத் துடைப்பது, சட்டை மாற்றுவது போன்ற பிடிக்காத வேலைகளை எடுத்துக்கொள்ள, பிடிக்காதவரின் கையிலிருந்து மட்டும் இனிப்பும் பொம்மையும் வரும்படி பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பலித்திருக்கிறது. பத்து நாளில் மாறாவிட்டாலும் பத்து வாரத்தில் மாறும்.

பெற்றோரின் பக்கத்திலும் ஒரு ரகசியம் உண்டு. ஆண்டுக்கணக்கில் புகைப்படத்தை வைத்துக்கொண்டு உருகியவர்களுக்கு, குழந்தை கையில் வந்த பிறகு அந்த உருக்கம் வராமல் போகலாம். யாரோ ஒருவரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல இருக்கும். ஏன் வந்தோம் என்றுகூடத் தோன்றும். வெளியே சொல்ல வெட்கம். பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மாருக்கு வரும் மனச்சோர்வுக்கு இணையான இந்த நிலையைப் பற்றி 1995-இல் ஜூன் பாண்ட் என்பவர் எழுதினார். தத்தெடுப்புக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று பெயரும் கொடுத்தார். அதன் பிறகே பலர் வாய் திறந்தார்கள். தாய்ப்பாசம் பார்த்தவுடன் பொங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எத்தனையோ நல்ல அம்மாக்களைக் குற்றவாளியாக உணரச் செய்திருக்கிறது. பாசம் வராத நாளிலும் பால் கொடுக்கலாம், தூக்கிக்கொண்டு நடக்கலாம், இரவில் எழுந்து தட்டிக் கொடுக்கலாம். குழந்தை வாங்கிக்கொள்வது அந்தச் செயலைத்தான். பாசம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

எட்டு வயதுப் பெண்ணின் மொழி

கைக்குழந்தையின் துக்கத்துக்கு வார்த்தை இல்லை. வளர்ந்த குழந்தைக்கு வார்த்தை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை. ஸ்டெஃபனி வாங்-பிரீல் எடுத்த, 2010-இல் வெளிவந்த ‘வோ ஐ நீ, மம்மி’ என்ற ஆவணப்படம், குவாங்ஜோ நகரிலிருந்து நியூயார்க் அருகே லாங் ஐலண்டுக்குத் தத்துப் போகும் எட்டு வயதுச் சிறுமியைப் பின்தொடர்கிறது. சீனாவில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தோடு இருந்தவள் அவள். சீன மொழி தெரிந்த இயக்குநரே அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக ஆகிவிடுகிறார். அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சிறுமி அவரிடம் சொல்கிறாள். மாதங்கள் போகப் போக ஆங்கிலம் வருகிறது, அவள் பேசி வந்த சீன மொழியான காண்டனீஸ் போகிறது. கடைசியில், பழைய குடும்பத்தோடு இணையத்தில் பேசும்போது சொற்கள் கிடைக்காமல் அவள் திணறுகிறாள்.

மொழி முழுக்க அழிந்துவிடுகிறதா? கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று வியப்பான பதிலைத் தந்தது. ஒரு வயதை ஒட்டிச் சீனாவிலிருந்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். சீன மொழி ஒரு சொல்கூட அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் சீன மொழியின் குரல் ஏற்ற இறக்கங்களைக் கேட்டபோது, பத்தாண்டுக்கு மேல் கடந்த பிறகும், அவர்களுடைய மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வேலை செய்தது. பயணத்துக்குக் கிளம்பும் பெற்றோர் “பசிக்கிறதா”, “வலிக்கிறதா”, “அம்மா இங்கேதான் இருக்கிறேன்” என்ற நாலு வாக்கியங்களையாவது குழந்தையின் மொழியில் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. அந்த ஒலி குழந்தைக்குள் இருக்கிறது.

வெள்ளை அன்னத்தில் ஒரு வாரம்

சீனப் பயணத்தின் கால அட்டவணை காகிதங்களால் ஆனதாக இருந்தது. முதல் நாள் குழந்தை கைக்கு வரும். இணங்கிப் பார்ப்பதற்கென்று 24 மணி நேரம். மறுநாளே சட்டப்படி தத்தெடுப்புப் பதிவு. வார இறுதியில் சீனக் கடவுச்சீட்டு. பிறகு எல்லாக் குடும்பங்களும் குவாங்ஜோ வர வேண்டியிருந்தது. தத்தெடுப்பு விசா தந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் அங்கே மட்டும்தான் இருந்தது. மருத்துவப் பரிசோதனை, தூதரகத்தில் உறுதிமொழி, விசா, விமானம். மொத்தம் இரண்டு வாரம்.

குவாங்ஜோவில் முத்து ஆற்றங்கரையில் ஷாமியான் என்றொரு சிறு தீவு. தூதரகம் நெடுங்காலம் அங்கே இருந்தது. பக்கத்திலேயே 1983-இல் திறந்த ‘வெள்ளை அன்னம்’ ஓட்டல். தாழ்வாரம் முழுக்கத் தள்ளுவண்டிகள். சீனக் குழந்தையும் வெள்ளைப் பெற்றோருமாகக் குடும்பங்கள். மாட்டெல் நிறுவனம் சீனக் குழந்தையை ஏந்திய பார்பி பொம்மை ஒன்றைச் செய்து அங்கே தங்கும் தத்துக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒரே பட்டணத்திலிருந்து வந்த குழந்தைகளைச் சிவப்புச் சோபாவில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தப் படங்களில் பாதிக் குழந்தைகளாவது அழுதுகொண்டிருக்கும்.

குடும்பங்கள் கூட்டமாக இருப்பதில் நன்மை உண்டு. காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கும், தூங்காத இரவைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். ஆனால் கோயில், கடைத்தெரு, ஆற்றில் படகுச் சவாரி என்று தினமும் ஒரு சுற்றுலா வைத்துவிட்டால் குழந்தை தாங்காது. கண் திறந்தால் புது இடம், புது முகம், புது இரைச்சல். விவரம் தெரிந்த வழிகாட்டிகள் ஓட்டல் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள்: ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே பாட்டு, ஒரே வரிசையில் குளியல், தூக்கம். தள்ளுவண்டியை விட உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணித் தூளி மேல். தூங்கும்போது தொட்டில் தனியாக இருந்தாலும் கை எட்டும் தூரத்தில்.

டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் கேரின் பர்விஸ், காப்பகத்திலிருந்தும் கொடுமையிலிருந்தும் மீண்டு வந்த குழந்தைகளுக்கென்றே டேவிட் கிராஸுடன் சேர்ந்து ஒரு வளர்ப்பு முறையை உருவாக்கினார். முரண்டு பிடிக்கும் குழந்தையை முதலில் பயந்த குழந்தையாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விமான நிலையத்தில் தரையில் புரண்டு கத்தும் மூன்று வயதுப் பையனுக்குத் தண்டனை பயன்படாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, தண்ணீரோ தின்பண்டமோ நீட்டுகிற பெரியவர் பயன்படுவார்.

வீடு போய்ச் சேர்ந்ததும் இன்னொரு சோதனை. விமான நிலையத்திலேயே பலூன்களோடு பாட்டி, தாத்தா, அத்தை, மாமா. எல்லோருக்கும் தூக்க வேண்டும். நம் குடும்பங்களில் பத்துக் கை மாறித்தான் குழந்தை வளர்கிறது; பெற்ற குழந்தைக்கு அது வரம். ஏற்கெனவே பல கை மாறிவிட்ட குழந்தைக்கோ இன்னொரு கை என்பது இன்னொரு பிரிவின் அறிகுறி. அதனால் முதல் சில வாரங்கள், சில வீடுகளில் சில மாதங்கள், சாப்பாடு ஊட்டுவதும் தூக்குவதும் ஆறுதல் சொல்வதும் பெற்றோர் இருவர் மட்டுமே என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பாட்டி சமைக்கலாம், துணி துவைக்கலாம், எதிரில் உட்கார்ந்து பாட்டுப் பாடலாம். தூக்குவதற்கு மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஜென்னி போவன் என்ற திரைப்பட இயக்குநரும் அவர் கணவரும் 1997-இல் குவாங்ஜோவிலிருந்து ஒரு பெண் குழந்தையை அழைத்துப் போனார்கள். இரண்டு வயதை நெருங்கிய குழந்தை, பேச்சில்லை, உடல்நலமில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஜன்னல் வழியே மகள் தோட்டத்தில் துள்ளி விளையாடுவதைப் பார்த்தார் போவன். மருந்தோ மந்திரமோ இல்லை; தன்னை உலகத்திலேயே முக்கியமானவளாக நினைக்கும் பெரியவர்கள் அவளுக்குக் கிடைத்ததுதான் வித்தியாசம். தத்துப் போகாமல் காப்பகத்திலேயே இருக்கும் குழந்தைகளுக்கும் அதையே ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டு, 1998-இல் ‘ஹாஃப் தி ஸ்கை’ அறக்கட்டளையைத் தொடங்கினார். சீனக் காப்பகங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குறிப்பிட்ட சில குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட ஒரு பெண் என்று ஏற்பாடு செய்தது அந்த அமைப்பு.

நாட்களைக் கொடுக்கும் சட்டம்

வெளிநாட்டுத் தத்தெடுப்பின் இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டுப் பிணைப்பைப் பற்றிப் பேச முடியாது. சீனாவில் ஹூனான் மாகாணக் காப்பகங்கள் தரகர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கியது 2005-இல் அம்பலமானது. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பலருக்குப் போலித் தாய்களும் போலிக் காகிதங்களும் காட்டப்பட்டதை 2017-இல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி வெளிக்கொண்டு வந்தது. தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025-இல் தன் நாட்டின் தத்தெடுப்பு முறைகேடுகளை ஒப்புக்கொண்டது. இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் தாயைத் தேடுகிறார்கள். ஆகவே பயணத்தில் திரட்ட வேண்டியவற்றில் ஆதாரங்களும் அடக்கம். குழந்தை கண்டெடுக்கப்பட்ட இடம், தேதி, உடனிருந்த குறிப்பு, சீன நாளிதழில் வெளியான அறிவிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்திய பெற்றோர், பிள்ளை பிற்பாடு கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே மதிப்புக் கொடுத்தவர்கள்.

பயணத்தையே குழந்தைக்காக மாற்றி அமைத்த நாடுகளும் உண்டு. பல்கேரியாவில் பெற்றோர் முதலில் ஒருமுறை வந்து குறைந்தது ஐந்து நாள் குழந்தையோடு பழகிவிட்டுத் திரும்ப வேண்டும். சட்ட நடைமுறை முடிந்து இரண்டாவது பயணத்தில்தான் அழைத்துப் போகலாம். பிரேசிலின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வெளிநாட்டுப் பெற்றோர் அந்நாட்டு மண்ணிலேயே குழந்தையோடு சேர்ந்து வாழ 30 முதல் 45 நாள் வரை விதித்திருக்கிறது. சீனா கொடுத்த 24 மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், யாருடைய வசதிக்காக அட்டவணை போடப்பட்டது என்பது விளங்கும்.

இந்தியா 2003-இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியாக ஆண்டுதோறும் சில நூறு குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போகிறார்கள். வளர்ந்த குழந்தைகளும் சிறப்புத் தேவை உள்ளவர்களும் அவர்களில் அதிகம். அழைத்துப் போக இருப்பவர்களை ஏற்கும்படி குழந்தையின் மனத்தைத் தயார்ப்படுத்துவது காப்பகத்தின் கடமை என்று விதிகள் சொல்கின்றன. வீடு போன பிறகும் இரண்டு ஆண்டுகள் அறிக்கை கேட்கின்றன. நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்கள் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் காப்பகத்தின் மனசையும் பெற்றோரின் பொறுமையையும் பொறுத்தது.

அங்கே செய்யக்கூடியவை செலவில்லாதவை. விடைபெறும் நாளுக்கு முன்பே பெற்றோர் இரண்டு மூன்று பகல் காப்பகத்தில் வந்து உட்காரலாம். ஆயா ஊட்டுவதைப் பார்க்கலாம். அவர் கைச் சோற்றில் இரண்டு வாய் தாங்கள் ஊட்டலாம். ஆயா குழந்தையின் கண் முன்னாலேயே சிரித்த முகத்தோடு அவர்களிடம் கொடுத்து, “போயிட்டு வா கண்ணு” என்று அழைக்கும் பெயரைச் சொல்லி அனுப்பலாம். குழந்தை தூங்கும்போது தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கிளம்பும் முன் பெற்றோர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகளும் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தால் தூக்கம் வரும்? சோற்றை எவ்வளவு குழைய வேண்டும், தயிரா பருப்பா? எதைக் கண்டால் பயம்? யாரோடு பக்கத்தில் படுத்திருந்தாள்? எந்தத் தாலாட்டு? கடைசியாக, ஆயாவின் பெயர் என்ன, அவரோடு சேர்த்துக் குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?